ஸ்லைடை வெட்டியது யார்?

வணக்கம் நேயர்களே. பல்கலைக்கழகங்களின் நோயியல் துறை, அதாவது பெத்தாலஜி துறை, வருடத்தில் ஒரு நாள் அன்றாட வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு ஓரிடத்தில் கூடுவதுண்டு. அவரவர் செய்துகொண்டிருக்கும் ஆராய்ச்சியை மற்றவர்களுக்குச் சொல்வார்கள், சாயங்காலம் பரிசு கொடுப்பார்கள். ரிசர்ச் ரிட்ரீட் என்போம். அப்படிப்பட்ட கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன், பரிசுக்கு நடுவராக இருந்து திட்டு வாங்கியும் இருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, இதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

'டாக்டர்கள் தங்களுக்குள் பரிசு கொடுத்துக்கொண்டால் நமக்கென்ன' என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு கட்டியை எடுத்திருப்பார்கள். 'சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், ரிப்போர்ட் வரட்டும்' என்று டாக்டர் சொல்லியிருப்பார். அது வரும்வரை வீட்டில் யாருக்கும் தூக்கம் இருந்திருக்காது. அந்த ரிப்போர்ட்டை எழுதுகிறவர்கள்தான் இவர்கள். அவர்களுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், கையெழுத்தை மட்டும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கையெழுத்துக்கும் முன்னால் வேலை செய்த ஒருவர் இருக்கிறார், லேப் டெக்னீஷியன். அவருடைய கையெழுத்துகூட அதில் இருக்காது. என் பேச்சு அவரைத்தான் அதிகம் சுற்றும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சதைத் துண்டு, அதைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் திரவத்தில் ஊறி, நீர் நீங்கி, மெழுகு ஏறி, கடைசியில் ஒரு சின்ன மெழுகுக் கட்டியாக வரும். பிளாக் என்போம். டெக்னீஷியன் அதை மைக்ரோடோம் என்ற கருவியில் பொருத்திச் சீவுவார். ஒரு சீவலின் தடிமன் 3 அல்லது 4 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக நீளும். பக்கத்தில் யாராவது பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும். அதைத் தூரிகையால் தூக்கி வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் மெல்ல விரியும். அடியில் ஒரு கண்ணாடித் துண்டை நுழைத்து ஏந்தி எடுக்க வேண்டும். அந்தக் கண்ணாடிதான் ஸ்லைடு. ஒரு மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் என்ன இருக்கிறதென்று சொல்ல முடியாது. கத்தி முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு இருந்தாலும் சீவல் நெடுகக் கீறல். இதெல்லாம் முடிந்த பிறகுதான் சாயம். லாக்வுட் என்ற மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலிருந்து எடுக்கும் ஹீமட்டாக்ஸிலின் செல்லின் கருவை நீலமாக்கும், இயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கிற இந்தக் காலத்திலும் முதலில் போடுவது நூறு வருடத்துக்கும் மேல் பழசான இந்த இரண்டு சாயத்தைத்தான்.

சரி, ரிட்ரீட்டுக்கு வருவோம். காலையில் ஆளுக்குப் பத்து நிமிடம் பேச்சு. மணி அடித்தாலும் சிலர் நிறுத்த மாட்டார்கள்; அதைப் பற்றி இந்த மைக் முன்னால் நான் அதிகம் சொல்லக் கூடாது. அப்புறம் போஸ்டர் நேரம், அதாவது ஆராய்ச்சியை ஒரு பெரிய தாளில் போட்டு மாட்டி, பக்கத்தில் நின்று விளக்குவார்கள். நாள் முழுக்க இருக்கிற உயிர் இந்த ஒரு மணி நேரத்தில்தான். ஒரு ஆராய்ச்சி மாணவர், புற்றுநோய்க் கட்டியில் ஒரு புரதம் கூடியிருக்கிறது என்று வரைபடம் போட்டு நிற்பார். அந்தக் கட்டியைத் தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற ஒரு இளம் டாக்டர் வந்து, 'இது கட்டியின் ஓரத்தில்தானே வரும், நடுவில் வராதே, நீங்கள் எந்த இடத்தில் எடுத்தீர்கள்?' என்று கேட்பார். மாணவர் பேனாவைத் தேடுவார். ஒரே கட்டடத்தில் இரண்டு மாடி தள்ளி வேலை செய்கிற இந்த இருவரும் வருடம் முழுக்கப் பேசியிருக்க மாட்டார்கள்.

போஸ்டர் முன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி: 'இந்த ஸ்லைடை வெட்டியது யார்?' சிலர் சட்டென்று பெயரைச் சொல்வார்கள். சிலர் 'லேப்பில் கொடுத்தார்கள் மேடம்' என்பார்கள். மரியாதைக்காக மட்டும் இதைக் கேட்பதில்லை. ஃபார்மலினில் அளவுக்கு மேல் கிடந்த துண்டில் சில புரதங்கள் சாயத்துக்குப் பிடிகொடுக்காது. 'இந்த நோயாளிகளிடம் அந்தப் புரதமே இல்லை' என்று மாணவர் முடிவு எழுதியிருப்பார். துண்டு விடுமுறை நாள் முழுக்கப் புட்டியிலேயே கிடந்ததென்று டெக்னீஷியனுக்குத் தெரிந்திருக்கும். யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். வெட்டியவரின் பெயர் தெரிந்த மாணவருக்குத் தன் ஆராய்ச்சி எங்கே இடறும் என்பதும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். நான் மதிப்பெண் போடுவது அதற்குத்தான்.

நடுவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ராபின் வாரன் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கே போனாலும் இதைச் சொல்கிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆஸ்திரேலியாவில், ராயல் பெர்த் மருத்துவமனையில் அவர் நோயியல் டாக்டர். 1979 ஜூன் மாதம், இரைப்பையிலிருந்து எடுத்த ஒரு சதைத் துண்டைப் பார்க்கிறார். மேல் ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு. அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி பிழைக்காது என்று எல்லோரும் நம்பிய காலம். அவர் வெள்ளிச் சாயம் போட்டுப் பார்த்தார். கொத்துக் கொத்தாகக் கிருமிகள்! கவனியுங்கள், நல்ல சீவலாக இருந்ததால்தான் அந்தக் கோடு தெரிந்தது. ஓரம் சுருண்ட ஸ்லைடாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இரண்டு வருடம் கழித்து பேரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவருடன் சேர்ந்தார். கிருமியை வளர்த்துக் காட்ட வேண்டும். தட்டுகளில் வைத்தார்கள், வளரவே இல்லை. காரணம், இரண்டு நாளில் ஒன்றும் வராவிட்டால் தட்டைக் கழித்துவிடுவது லேப் வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதலாகச் சில நாள் அப்படியே இருந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால், வளர்ந்திருக்கிறது. அது மெதுவாக வளர்கிற கிருமி, அவ்வளவுதான்.

இனி என் கட்சி. 1983-இல் மார்ஷல் இந்த ஆய்வின் சுருக்கத்தை ஆஸ்திரேலிய இரைப்பை குடல் மருத்துவர் சங்கத்தின் கூட்டத்துக்கு அனுப்பினார். வந்தவை 67 சுருக்கங்கள், ஏற்றவை 56. இவருடையது தள்ளப்பட்ட பதினொன்றில் ஒன்று! அதே வருடம் பிரஸ்ஸல்ஸில் கிருமியியலாளர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் அதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். நேயர்கள் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்று வயிற்றுப் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொடுக்கிறார்களே, அதன் வேர் அந்த நீலக் கோட்டில் இருக்கிறது.

அதனால் நடுவராக உட்காருகிறவர்களிடம் நான் சொல்வது: கண்டுபிடித்தது பெரிதா சிறிதா என்று நம்மால் அன்றைக்கே சொல்ல முடியாது. எப்படிப் பார்த்தார்கள், எதையெல்லாம் சந்தேகப்பட்டார்கள் என்பதைச் சொல்ல முடியும். 'நினைத்தது கிடைக்கவில்லை' என்று நேர்மையாகப் போஸ்டர் போட்டவரும் பரிசுப் பட்டியலில் இருக்கட்டும்.

இன்னொன்று. ரிட்ரீட் நாளிலும் ஆபரேஷன் தியேட்டர் ஓடும். நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு துண்டை உறையவைத்து வெட்டிப் பார்த்து, சுமார் 20 நிமிடத்தில் சர்ஜனுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஃப்ரோசன் செக்‌ஷன் என்பார்கள். அதற்காக ஒரு டாக்டரும் ஒரு டெக்னீஷியனும் துறையிலேயே நிற்பார்கள். மற்றவர்கள் மாலையில் கைதட்டும்போது இவர்கள் அங்கே...

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். கணினி ஸ்லைடு பார்ப்பதைப் பற்றிப் பேச நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அது போகட்டும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்னீஷியன்களுக்கென்று தனியாக ஒரு பரிசு வையுங்கள். யாருக்கு என்பதைப் பேராசிரியர்கள் தீர்மானிக்க வேண்டாம். தினமும் அந்த ஸ்லைடுகளைப் பார்க்கிற இளம் டாக்டர்களைக் கேளுங்கள். போஸ்டரில் வெட்டியவர் பெயரும் வரட்டும், கீழே பொடி எழுத்தில் வேண்டாம், மேலேயே. பரிசளிப்பை டியூட்டி முடிகிற நேரத்துக்குத் தள்ளி வையுங்கள், அந்த இருவரும் வந்து சேரட்டும். பரிசு நிதிக்கு என்ன செய்வது என்பதற்கும் ஒரு யோசனை இருந்தது, ஒரு விரல் காட்டிவிட்டார்கள். வணக்கம்.