வாசிக்கிறவர் கேட்கும் நேரம்

வணக்கம். சிங்கப்பூரில் எஸ்பிளனேட் கலையரங்கின் திறந்தவெளி மேடைக்கு எதிரே உட்கார்ந்துதான் இன்றைக்குப் பேசுகிறேன். கடல் காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது. பின்னால் ஒரு குழு சவுண்ட் செக் செய்துகொண்டிருக்கிறது, நடுவில் டிரம்ஸ் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"உங்களுக்குப் பிடித்த நேரடி இசை நிகழ்ச்சி எது?" என்று பல பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கச்சேரி, மெட்டல், ஜாஸ் பியானோ, காவடி மேளம் எல்லாம் என் பட்டியலில் இருக்கின்றன. ஒருநாள் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று புரிந்தது. எனக்கு மறக்காமல் இருக்கிற எல்லா நிகழ்ச்சிகளிலும், வாசிக்கிறவர் தன் வாத்தியத்தைவிட வேறு ஏதோ ஒன்றை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, முதலில் கச்சேரி. சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன அரங்கில் நடந்தது. எண்பது பேர் இருந்திருப்போம். தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி, தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மண்பானை வாத்தியமான கடத்துக்கு வைத்திருந்த மைக் நின்றுவிட்டது. ஒலிப்பெட்டியில் மிருதங்கம் மட்டும் முழங்குகிறது. கடம் வாசிக்கிறவரின் விரல்கள் ஓடுகின்றன, சத்தம் எங்களுக்கு வரவில்லை. ஒருவர் வயரைப் பிடித்துக்கொண்டு மேடைப் பக்கம் ஓடினார். அதற்குள் மிருதங்க வித்வான் என்ன செய்தார் தெரியுமா? தன் முன்னால் இருந்த மைக்கைத் தானே எடுத்து அப்பால் திருப்பி வைத்துவிட்டார். தாளம் ஒரு அட்சரம்கூடத் தவறவில்லை.

அதற்குப் பிறகு அந்த அரங்கமே வேறு மாதிரி ஆகிவிட்டது. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் அவர் கை அவ்வளவு மெதுவாக விழுந்தது. கடத்தின் வயிற்றில் தட்டும் அந்தக் கனமான ஒலி, கழுத்துப் பக்கத்தில் விரல் நுனி படும் கணீர் ஒலி, இரண்டும் தனித்தனியாக வந்தன. பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்தில் இருந்த பாட்டி தொடையில் போட்டுக்கொண்டிருந்த தாளம் அப்போதுதான் என் காதில் விழுந்தது. குறைப்பு என்கிற பகுதி வந்தது. ஒருவர் வாசித்ததை மற்றவர் வாங்கி, சொற்கள் சின்னதாகிக்கொண்டே போய், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து கோர்வை என்ற முடிவுச் சொற்கட்டை மூன்று முறை வாசித்துப் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த இடத்தில் பாட்டி "ஆகா" என்று சொன்ன குரல் இன்னும் நினைவில் இருக்கிறது. எஸ்பிளனேடில் நடக்கும் கலா உத்சவம் இந்தியக் கலை விழாவில் பெரிய பெரிய வித்வான்களைக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் எனக்கு முதலிடம் அந்தச் சின்ன அரங்குக்குத்தான்.

அதே வாரம் எம்ஆர்டி ரயிலில் போகும்போது ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் கொலோன் நிகழ்ச்சிப் பதிவை மறுபடியும் கேட்டேன். 1975 ஜனவரி 24, ஜெர்மனியில் கொலோன் நகர ஆப்பெரா அரங்கம். ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டெஸ், அப்போது அவருக்கு 18 வயதுதான். ஜாரெட் கேட்டிருந்த பியானோ வரவில்லை. மேடையில் இருந்தது ஒத்திகைக்கு வைத்திருந்த சின்னப் பியானோ. மேல் ஸ்தாயி தகரம் மாதிரி ஒலித்தது, கீழ் ஸ்தாயியில் கனமில்லை, பெடலும் சரியில்லை. வாசிக்க முடியாது என்று சொன்னவரை அந்தப் பெண்தான் சம்மதிக்க வைத்தார். கையில் எழுதி வைத்த இசை எதுவும் இல்லை, முழுக்க அந்த நேரத்துக் கற்பனை. ஒருமணி நேரத்துக்கு மேல் வாசித்தார். நடு ஸ்தாயியிலேயே அதிகம் இருக்கிறார், இடது கையில் ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்பப் போட்டு அடித்தளம் கட்டுகிறார். பியானோ எதைக் கொடுக்கிறதோ அதைக் கேட்டு, அதிலிருந்து அடுத்ததை எடுக்கிறார். தனிப் பியானோ இசைத்தட்டுகளில் மிக அதிகம் விற்றவற்றில் ஒன்றாக அது ஆனது. எனக்கு அது கடம் மைக் நின்றுபோன அந்தச் சாயங்காலத்தின் உடன்பிறப்பு மாதிரி.

அப்புறம் நம் தைப்பூசம். இதை இசை நிகழ்ச்சி என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் சொல்வேன். 1973 முதல் ஊர்வலப் பாதையில் வாத்தியங்கள் வாசிக்கத் தடை இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். என் சின்ன வயதுத் தைப்பூசத்தில் பாதை முழுக்க "வேல் வேல்" முழக்கமும் கைத்தட்டலும்தான். 2016இல் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அந்த வருடம் என் மாமா காவடி எடுத்தார். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு நடக்க வேண்டும். வெயிலில் மாமாவுக்கு நடை தளர்ந்துவிட்டது. மேடைக்கு அருகே வந்தபோது தவில்காரர் மாமாவின் கால்களையே பார்த்தார். வேகத்தைக் குறைத்தார். மாமாவின் அடி எப்படி விழுகிறதோ அப்படியே கழியைப் போட்டு, கூடு மாட்டிய வலது கை விரல்களால் இடையிடையே நிரப்பிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகத் துரிதப்படுத்தினார். மாமா ஆட ஆரம்பித்தார்! காவடியின் மயிலிறகுகள் எல்லாம் சேர்ந்து ஆடின. என் அத்தை சாலை ஓரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். சில நிமிடங்கள்தான். அதைவிட நுட்பமான தாள வாசிப்பை நான் எந்த அரங்கிலும் கேட்டதில்லை.

மெட்டலுக்கு ருத்ரா. 1992இல் நம் ஊரில் தொடங்கிய குழு, சமஸ்கிருதச் சுலோகங்களை டெத் மெட்டல் என்ற கடுமையான ராக் இசையில் கொண்டுவந்தவர்கள், வேதிக் மெட்டல் என்கிறார்கள். பதிவில் கேட்டால் போதாது, அந்த டிரம்ஸ் நெஞ்சில் இடிக்க வேண்டும். கோயிலில் கேட்டுப் பழகிய சொற்கள் அந்த இடியோடு வரும்போது எனக்கு முதல் தடவையே மயிர்க்கூச்செறிந்தது.

பெரிய அரங்க நிகழ்ச்சிகள் என்னை அந்த அளவுக்குத் தொடவில்லை. 2024 ஜனவரியில் கோல்ட்பிளே ராக் குழுவினர் இங்கே நேஷனல் ஸ்டேடியத்தில் 6 நாள் நடத்தினார்கள், ரசிகர்களின் கைப்பட்டைகள் ஒளிர்ந்தது கண்ணுக்கு அழகாக இருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய கூட்டத்தைக் கேட்க முடியுமா என்றால், முடியும். 1985 ஜூலை 13, லண்டன் வெம்பிளி ஸ்டேடியம், லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் நிகழ்ச்சி. குவீன் ராக் குழுவுக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிடம். அவர்களுடைய பாடகர் ஃபிரெடி மெர்குரி ஒரு சின்னச் சங்கதியைப் பாடி நிறுத்துகிறார், 70,000 பேருக்கு மேல் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள், அவர் அதைக் கேட்டுவிட்டு அடுத்ததைக் கொஞ்சம் கடினமாகக் கொடுக்கிறார். பாட்டு வகுப்பில் டீச்சர் செய்வது இதுதான்!

கடைசியாக, நான் நேரில் கேட்காத ஒருவர். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். 1983இல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது அவருக்கு 14 வயது. மின் மாண்டலினில் கர்நாடக இசை, கேட்டவர்கள் ஜாஸ் ரசிகர்கள். 2014 செப்டம்பர் 19 அன்று 45 வயதில் போய்விட்டார். அவரை நேரில் கேட்டவர்கள் உங்களில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். எந்த ராகம் என்பதுகூட வேண்டாம். தனி ஆவர்த்தனம் நடக்கும்போது, மாண்டலினை மடியில் வைத்துக்கொண்டு அவர் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்? கையால் தாளம் போட்டாரா, சிரித்தாரா, கண்ணை மூடியிருந்தாரா?