தோற்ற இரவிலேயே தலைவரைத் தேடாதீர்கள்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

தேர்தலில் தோற்ற கட்சி புதிய தலைவரை உடனே தேர்ந்தெடுக்க வேண்டுமா, பொறுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமா? இதுதான் கேள்வி. பொறுத்துத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர் "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றார். நாற்காலி காலியாகக் கிடந்தால் தொண்டன் வேறு கொடியைப் பார்க்கத் தொடங்கிவிடுவான் என்றார். அந்தப் பயம் பொய்ப் பயம் அல்ல, நடுவர் அவர்களே. ஆனால் பயந்த நேரத்தில் எடுத்த முடிவு எத்தனை கட்சிகளைக் கரை சேர்த்திருக்கிறது?

தோற்ற அன்று இரவு கட்சியின் உண்மை நிலவரம் தலைமை அலுவலகத்தில் இருக்காது. வாக்கு எண்ணும் மேசைக்கு எதிரே காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாரே ஒரு முகவர், அவர் சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கும். எப்போதும் நமக்கே விழுகிற சாவடியில் இந்த முறை ஓட்டு பாதியாகக் குறைந்தது எங்கே, நம்மவர்களே வீட்டை விட்டு வெளியே வராதது எங்கே என்று பேனாவால் வட்டம் போட்டு வைத்திருப்பார். வியர்வையில் மை கலைந்திருக்கும். அந்தத் தாளை இன்னும் ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை. அதற்குள் மேலே "அடுத்தது யார்?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இளைஞர்கள் கைவிட்டதால் தோற்றோமா, கூட்டணி சரியில்லாமல் தோற்றோமா, உட்பூசலால் தோற்றோமா? இந்த ஒவ்வொன்றையும் சரிசெய்ய வேறு வேறு ஆள் வேண்டும். காரணம் தெரியும் முன்பே ஆளைத் தேடினால், யார் குரல் உரக்கக் கேட்கிறதோ அவர்தான் தலைவர் ஆவார்.

பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியைப் பாருங்கள். 1997 மே மாதம் படுதோல்வி. 165 இடங்கள்தான் மிஞ்சின. ஏழே வாரத்தில் வில்லியம் ஹேக்கைத் தலைவராக்கினார்கள். 36 வயது, நல்ல பேச்சாளர். நான்கு ஆண்டுகள் கழித்து 2001 தேர்தலில் கிடைத்தது 166. ஒரே ஒரு இடம் கூடியது! அப்புறம் வந்த இயன் டங்கன் ஸ்மித் ஒரு பொதுத்தேர்தலைக்கூடச் சந்திக்கவில்லை. 2003இல் அவருடைய எம்.பி.க்களே 90க்கு 75 என்று வாக்களித்து இறக்கிவிட்டார்கள்.

2005இல் மூன்றாவது முறையும் தோற்றார்கள். அப்போதைய தலைவர் மைக்கேல் ஹோவர்ட், விலகப் போவதாக மறுநாளே அறிவித்தார். ஆனால் நாற்காலியைப் போட்டுவிட்டு ஓடவில்லை. அடுத்தவர் வரும்வரை ஏழு மாதம் இருந்தார். அன்று எல்லார் வாயிலும் இருந்த பெயர் டேவிட் டேவிஸ். அவசரப்பட்டிருந்தால் அவர்தான் வந்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். அக்டோபரில் பிளாக்பூல் நகரில் கட்சி மாநாடு கூடியது. போட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த மேடையில் பேசினார்கள். டேவிஸ் பேச்சு எடுபடவில்லை. எம்.பி. ஆகி நான்கே ஆண்டுகள் ஆன டேவிட் கேமரூன் கையில் குறிப்பே இல்லாமல் பேசினார். காற்று திசை மாறியது. டிசம்பரில் உறுப்பினர்கள் போட்ட வாக்கு: கேமரூனுக்கு 1,34,446, டேவிஸுக்கு 64,398. 2010இல் 306 இடங்களோடு கூட்டணி ஆட்சிக்கு வந்தார்கள். பொறுத்ததால்தான் வென்றார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஓர் ஆளை உரசிப் பார்க்க நேரம் வேண்டும். அந்த நேரம் அவர்களுக்குக் கிடைத்தது.

எதிரணித் தலைவர் எழுந்து, பிரிட்டனின் இன்னொரு பெரிய கட்சியான லேபர் கட்சியைப் பற்றிக் கேட்பார். கேட்கட்டும். 1979 மே மாதம் தோற்ற ஜேம்ஸ் கேலகன், 1980 அக்டோபர் வரை தலைவராக நீடித்தார். பிறகு மைக்கேல் ஃபுட் வந்தார். 1983 தேர்தலில் கட்சி 209 இடங்களுக்குச் சரிந்தது. பொறுத்தும் கெட்டார்களே? சரி, கெட்டார்கள். ஆனால் அங்கே எப்போது போவார் என்று ஒரு தேதி இல்லை. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு என்று கட்சிக்குள் நடந்த சண்டையிலேயே மாதங்கள் போயின. அதற்குப் பெயர் இழுத்தடிப்பு. நாங்கள் கேட்பது கெடு வைத்த பொறுமை. மனுத்தாக்கல் என்றைக்கு, வாக்குப்பதிவு என்றைக்கு, முடிவு என்றைக்கு என்று கடைசித் தொண்டனுக்கும் முதல் வாரத்திலேயே தெரிய வேண்டும். தோற்ற தலைவர் அந்தப் போட்டியில் நிற்கக் கூடாது.

"அதுவரை ஆளுங்கட்சிக்கு யார் பதில் சொல்வது?" என்று கேட்டார்கள். எதிரணியின் கேள்விகளில் இதுதான் கனமானது. 2010இல் லேபர் கட்சி மே முதல் செப்டம்பர் வரை தலைவரைத் தேடிக்கொண்டிருந்தது. கடன் சுமைக்கெல்லாம் அவர்கள் செலவழித்ததுதான் காரணம் என்று புதிய அரசு அந்த மாதங்களில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. இதை நான் மறுக்கவில்லை. போகப் போகிறவர் சும்மா உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் ஆகும். ஹோவர்ட் சும்மா உட்காரவில்லை. தோற்ற சில நாட்களிலேயே, அரசின் நிதித்துறைக்குப் பதில் சொல்லும் பொறுப்பை 33 வயது ஜார்ஜ் ஆஸ்போர்னிடம் கொடுத்தார். கல்வித்துறையைக் கேமரூனிடம் கொடுத்தார். இளையவர்கள் நாடாளுமன்றத்தில் எழுந்து அரசை மடக்குவதைக் கட்சியே உட்கார்ந்து பார்த்தது. டிசம்பர் 6ஆம் தேதி ஹோவர்ட் கேமரூனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு இறங்கினார்.