லேயில் 86, பெசன்ட் நகரில் 98: சிவப்பணுவுக்குள் என்ன நடக்கிறது?

[காட்சி: பெசன்ட் நகர் கடற்கரை, காலை. விரலில் ஆக்சிமீட்டர்.]

வணக்கம். ஹீமோகுளோபினில், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதத்தில், எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று காட்டும் மெஷின் இந்த ஆக்சிமீட்டர். இப்போது 98 காட்டுகிறது. போன வருடம் லடாக்கில் இருக்கும் லேயில் இறங்கிய அன்று இதே விரலில் 86. கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரம் அது. ஹோட்டல் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் அதே படி அவ்வளவு கஷ்டமாக இல்லை. மூச்சு வேகமானதுதான் முதல் காரணம். ஆனால் ரத்தத்துக்குள்ளும் ஒரு வேலை நடந்தது.

[காட்சி: சிவப்பணு, பெரிதாக்கிய படம்.]

சிவப்பணுவுக்குள் உட்கருவும் இல்லை, ஆக்சிஜனை எரித்துச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. சுமந்துபோகும் ஆக்சிஜனில் ஒரு துளியைக்கூடத் தனக்கென்று எரிக்காது. சர்க்கரையை மட்டும் உடைத்து 120 நாள் ஓட்டுகிறது. அந்தச் சர்க்கரை உள்ளே வர இன்சுலினும் தேவையில்லை. ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரையோ, அதற்கேற்ப உள்ளே வந்து ஹீமோகுளோபினில் ஒட்டும். லேபில் கொடுக்கும் 'மூணு மாச சுகர்', அதாவது ஹெச்பிஏ1சி, இதைத்தான் அளக்கிறது.

சரி, உட்கரு இல்லாத செல்லுக்கு ஆக்சிஜன் குறைந்தது எப்படித் தெரியும்? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். செல்லின் சவ்வில் பேண்ட் 3 என்று ஒரு புரதம். ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போது, சர்க்கரையை உடைக்கும் சில என்சைம்கள் அதன் உள்முனையில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் வந்து அதே இடத்தைப் பிடித்தால், என்சைம்கள் எழுந்து வேலையைத் தொடங்கும். ஆக்சிஜனைச் சுமப்பதும் ஹீமோகுளோபின்தான், அது குறைந்த சேதியைச் சொல்வதும் ஹீமோகுளோபின்தான்.

சர்க்கரை வேகமாக உடையும்போது வழியில் பிபிஜி என்ற பொருளும் கூடுதலாக உருவாகிறது. அது ஹீமோகுளோபினின் நடுக்குழியில் உட்கார்ந்து, ஆக்சிஜன் மீதான அதன் பிடியைத் தளர்த்தும். 29சி பஸ் கண்டக்டர் "இறங்கு, இறங்கு, ஸ்டாப் வந்தாச்சு" என்று விரட்டுவார் இல்லையா, அந்த வேலைதான். ஓரிரு நாளிலேயே இதன் அளவு ஏறிவிடும். லேயில் இது ரொம்பவே தேவை. வேகமாக மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடி, ஹீமோகுளோபின் பிடியை இறுக்கும். அதை பிபிஜி ஈடுகட்டுகிறது.

ஹார்மோன்களுக்கும் இதில் பங்கு உண்டு. தைராய்டு ஹார்மோன் கூடினால் பிபிஜியும் கூடும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், சிவப்பணுக்களைச் செய்யும் எலும்பு மஜ்ஜையைத் தூண்டும். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் அதிகமாக இருப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் முக்கியமான ஹார்மோன் எரித்ரோபாய்டின். ஆக்சிஜன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து இதைச் சுரக்க, மஜ்ஜை புது அணுக்களைச் செய்யும். செல்கள் அதை எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வழி மெதுவானது. ஹீமோகுளோபின் ஏற வாரக்கணக்கு ஆகும்.

[காட்சி: ஆட்டோ சீட்டில் ஒரு தெர்மோகோல் டப்பா.]

பெரம்பூரில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சிறுநீரகம் கெட்டதால் அந்த ஹார்மோன் சுரப்பதும் குறைந்துவிட்டது, ஊசியாகப் போடுகிறார்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து. மே மாத வெயிலில் ஐஸ் பேக்கோடு அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போவோம்.

ஹீமோகுளோபின் 7 ஆக இருந்த நாளில், பாத்ரூம் வரை நடந்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. பயந்துபோய் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினேன். 98. இந்த மெஷின், ஓடுகிற பஸ்ஸில் சீட்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று மட்டுமே சொல்லும். டிப்போவிலிருந்து எத்தனை பஸ் கிளம்பியது என்று சொல்லாது. அவருக்கு இருந்த கொஞ்ச அணுக்களுக்குள் பிபிஜி கூடி, கூடுதலாக ஆக்சிஜனை இறக்கிக்கொண்டிருந்திருக்கும். ஆனாலும் பஸ் போதவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது சோர்வும் மூச்சிரைப்பும் இருந்து மெஷின் 98 காட்டினால், அதோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் கேட்டு ஹீமோகுளோபினையும் ஒருமுறை பாருங்கள்.