எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் சரியாகவில்லை?

அடுத்த கேள்வி, 22 வயதுப் பெண் ஒருவருடையது. 19 வயதில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோய் வந்திருக்கிறது. ஏ.பி.வி.டி. என்ற நான்கு மருந்துக் கூட்டில் கீமோ ஆறு சுற்று, பிறகு கழுத்துக்கும் மார்புக்கும் கதிர்வீச்சு. நோய் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. "எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கோ மதியத்துக்கு மேல் உடம்பு அசையவில்லை, படித்தது மனதில் நிற்கவில்லை, லேசாக இருமினாலும் பயம். உயிர் பிழைத்த பிறகும் இப்படிக் குறைபட்டுக்கொள்வது நன்றிகெட்டதனமா?" என்று கேட்கிறார்.

இல்லை அம்மா. அந்தச் சொல்லை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவருக்கு 32 வயதில் புற்றுநோய் வந்தது. மீண்டுவந்த அவர், சிகிச்சை முடிந்தபின் பயத்தோடும் பலவீனத்தோடும் நகர்கிற காலத்தைத் தனியொரு பருவம் என்றே 1985இல் எழுதினார். நீங்கள் இப்போது அங்கேதான் இருக்கிறீர்கள். சிகிச்சையின்போது உங்களைச் சுற்றி எத்தனை பேர் இருந்தார்கள்! இப்போது அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். கூடப் படித்தவர்கள் பட்டம், வேலை என்று முன்னே போயிருப்பார்கள். வலிக்கத்தான் செய்யும்.

இனி அந்தச் சோர்வுக்கு வருகிறேன். அதைச் சோம்பல் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துக்கூட தைராய்டு சுரப்பு குறையலாம். சோர்வு, மறதி, மனம் மங்கிப்போவது எல்லாம் அதனால் வரும். டி.எஸ்.எச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தால் தினம் ஒரு மாத்திரை போதும். இந்தப் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்துகொள்ளுங்கள். தைராய்டு சரியாக இருந்தால் ரத்தசோகை, தூக்கம், மனச்சோர்வு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எதுவும் இல்லையென்றாலும் சோர்வு பொய்யாகிவிடாது. புற்றுநோய்க்குப் பின் வரும் சோர்வு படுத்துக்கிடந்தால் தீராது. கொஞ்சமாக நடக்கத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டு போவதுதான் அதற்கு நன்றாக உதவுகிறது.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒரு காகிதத்தைப் பற்றி. சிகிச்சை எடுத்த இடத்தில் உங்கள் சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு எந்த இடத்தில், எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று அதில் இருக்க வேண்டும். நீங்கள் எடுத்த நான்கு மருந்துகளில் ஒன்றான டாக்ஸோரூபிசின் என்ற வரியைத் தேடிப் பாருங்கள். ஆறு சுற்றும் முழு அளவில் ஏறியிருந்தால் உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம் என்று கணக்கு வரும். 250ஐத் தொட்டாலே இதயத்துக்கு ஆபத்து அதிகமுள்ள பிரிவில் வைப்பார்கள். மார்புக் கதிர்வீச்சு அதை இன்னும் கூட்டும். ஆகவே மூச்சுத் திணறல் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும். கர்ப்பம் தரிப்பதற்கு முன்பும் கட்டாயம் எடுங்கள். அதே காகிதத்தில் ப்ளியோமைசின் என்ற இன்னொரு மருந்தும் இருக்கும். நாளைக்கு எந்த அறுவைச் சிகிச்சை என்றாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள், அது நுரையீரலைப் பாதிக்கக்கூடியது.

மார்பில் கதிர்வீச்சு பட்ட இளம்பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் முன்கூட்டியே தொடங்கும். 25 வயது, அல்லது கதிர்வீச்சு முடிந்து எட்டு ஆண்டுகள், இரண்டில் எது பிந்தியதோ அப்போதிலிருந்து ஆண்டுதோறும். உங்கள் கணக்குப்படி 27 வயது. உங்களைப் புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு இது தானாகத் தோன்றாது. நீங்கள்தான் காகிதத்தைக் காட்ட வேண்டும்.

குழந்தைப்பேறு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், பலரும் கேட்கத் தயங்கும் விஷயம். ஏ.பி.வி.டி. கருப்பையை அடுத்துள்ள சினைப்பைகளை அதிகம் பாதிப்பதில்லை. மாதவிடாய் தவறினால் மட்டும் தள்ளிப்போடாமல் மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.

பயத்தைப் பற்றி: இந்த நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும். அந்தக் காலத்தை நீங்கள் கடந்துவிட்டீர்கள். இருமல் இரண்டு, மூன்று வாரம் நீடித்தாலோ, காரணமின்றிக் காய்ச்சலோ எடைக்குறைவோ, இரவில் உடை நனைய வியர்வையோ, புதிய கட்டியோ இருந்தாலோ உடனே காட்டுங்கள். பயம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் மனநல ஆலோசகரிடம் போங்கள். வீட்டில் உள்ளவர்களையும் ஒருமுறை கூட அழைத்துச் செல்லுங்கள். "எல்லாம் சரியாகிவிட்டது" என்று அவர்கள் சொல்வதும் பயத்தால்தான்.