கோர்ட்டில் சொன்ன ‘ஆமாம்’

[திரையில்: மெல்பர்ன் நகரம், கோர்ட் வாசல்]

வணக்கம். 2019 டிசம்பர் 31. மெல்பர்னில் ஒரு மாஜிஸ்திரேட் முன்னால் 37 வயதுப் பூர்வகுடிப் பெண் ஒருவர் நிற்கிறார். கடையில் திருடினார் என்ற சந்தேகத்தில் முந்தைய நாள் கைதானவர். பக்கத்தில் வழக்கறிஞர் இல்லை, தன் ஜாமீனைத் தானே கேட்கிறார். கிடைக்கவில்லை. ஜனவரி 2 அன்று சிறையிலேயே இறந்துபோனார்.

அவர் பக்கத்தில் யார் இருந்திருக்க வேண்டும்? இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மக்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. சிறைக்குள் போய் எண்ணினால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அவர்கள். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

[திரையில்: ரெட்ஃபெர்ன், பழைய புகைப்படங்கள்]

1970-ல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் முதல் பூர்வகுடி சட்ட உதவி மையம் தொடங்கியது. வழக்கறிஞர்களோடு அங்கே கள அலுவலர்களும் வந்தார்கள். இவர்களும் அதே சமூகத்து ஆட்கள். வாய்தா தேதியை வீடு தேடிப் போய் ஞாபகப்படுத்துவது, கோர்ட்டுக்கு வண்டியில் கூட்டி வருவது, வக்கீல் சொன்னது புரிந்ததா என்று தனியாக உட்கார்ந்து கேட்பது, எல்லாம் அவர்கள் வேலை.

புரிந்ததா என்று கேட்பதற்குத் தனியாக ஒரு ஆளா என்று தோன்றலாம். சரி, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அதிகாரத்தில் இருப்பவர் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் ‘ஆமாம்’ என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளும் பழக்கம் பூர்வகுடி மக்களிடம் உண்டு என்று மொழியியலாளர் டயானா ஈட்ஸ் பல வருடங்களாக எழுதி வருகிறார். கோர்ட் அந்த ‘ஆமாமை’ ஒப்புதல் என்று எழுதிக்கொள்கிறது. அதே மாதிரி, பதில் சொல்லும் முன் நெடுநேரம் அமைதியாக இருப்பது அவர்களுக்கு மரியாதை, யோசிக்கும் நேரம். வெளியாள் கண்ணுக்கோ அது எதையோ மறைக்கிற மாதிரி தெரிகிறது. அப்புறம், வடக்கே பூர்வகுடி மக்கள் பேசும், ஆங்கிலம் கலந்த கிரியோல் மொழியில் ‘கிலிம்’ என்றால் அடித்தேன் என்றும் அர்த்தம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் காதில் அது கொன்றேன் என்று விழுந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்!

போலீஸ் காவலிலும் சிறையிலும் நேர்ந்த 99 பூர்வகுடி மரணங்களை விசாரித்த ராயல் கமிஷன், அதாவது அரசு அமைத்த உயர்மட்ட விசாரணைக் குழு, 1991-ல் 339 பரிந்துரைகள் கொடுத்தது. அதில் ஒன்று, பூர்வகுடி நபரைப் பிடித்து வைத்தால் போலீஸ் உடனே அவர்களுடைய சட்ட உதவி மையத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அதற்கான 24 மணி நேரத் தொலைபேசி சேவை 2000-ல் வந்தது. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் அது சட்டமாவதற்கு 2019 வரை ஆனது.

[திரையில்: நீள்வட்ட மேஜை, பூர்வகுடிக் கொடி]

விக்டோரியாவில் இன்னொன்றும் உண்டு, கூரி கோர்ட். கூரி என்பது அந்தப் பகுதிப் பூர்வகுடி மக்களின் பெயர். யோர்டா யோர்டா மக்களின் மண்ணான ஷெப்பர்டனில் 2002-ல் முதலாவது திறந்தது. மாஜிஸ்திரேட் உயரமான இருக்கையை விட்டு இறங்கி வந்து ஒரே மேஜையைச் சுற்றி எல்லோரோடும் உட்காருவார். வக்கீல், போலீஸ் தரப்பு, குற்றம் சாட்டப்பட்டவர், அவர் குடும்பம், கூடவே ஊர்ப் பெரியவர்கள். அந்தப் பெரியவர்களை எல்லோரும் அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். தண்டனையை முடிவு செய்வது மாஜிஸ்திரேட்தான். ஆனால் தன் பாட்டியைத் தெரிந்த ஒரு ஆன்ட்டி நேருக்கு நேர் பார்த்துக் கண்டிக்கும்போது தப்பிக்க வழியே இல்லை, இது சலுகை கோர்ட் என்று சொல்பவர்கள் அந்த மேஜையில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஒரு பெரிய குறை இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் கூரி கோர்ட். அந்தப் பெண் நின்றது அதற்கு ரொம்ப முன்னால், ஜாமீன் கட்டத்தில். அங்கேதான் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது. 2023-ல் அவர் மரணத்தை விசாரித்த அதிகாரி, அவருக்கு ஜாமீன் கிடைக்காமல் செய்த விக்டோரியா ஜாமீன் சட்டத்தையே கடுமையாகச் சாடினார், 2024-ல் அரசு அதைத் தளர்த்தியது. 2025-ல் மறுபடியும் இறுக்கிவிட்டார்கள்.