சூட்டில் நிற்கும் வண்டி

வணக்கம் நேயர்களே. பாளையங்கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேலாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறைக்கு வரும் வண்டிகளில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது ஒரே வகைதான். காலையில் முதல் செல்ஃபிலேயே ஸ்டார்ட் ஆகும். இருபது நிமிடம் நன்றாக ஓடும். இன்ஜின் சூடானதும் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறப்போட்டால் மறுபடி கிளம்பிவிடும். திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்து ஏற்றத்தில் இப்படி நின்று, பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்க, வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இந்த நோயைச் சூட்டிலேயே பார்க்க வேண்டும். நம் ஆட்கள் வண்டி ஆறும்வரை இருந்துவிட்டு, பிறகு பட்டறைக்கு ஓட்டி வருவார்கள். அப்போது எல்லாம் சரியாக இருக்கும். மெக்கானிக் உத்தேசமாகப் பிளக்கை மாற்றுவார், அப்புறம் பேட்டரி, அப்புறம் பெட்ரோல் பம்ப். பணம் போகுமே தவிர, நோய் அப்படியே இருக்கும்.

ஏழெட்டு வருடம் முன்பு ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வந்தார். மூன்று பட்டறை பார்த்தாயிற்று. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போக வேண்டும், இந்த வண்டியை நம்பிப் பிள்ளைகளை எப்படி ஏற்றுவது என்று கலங்கிப்போய் நின்றார். "சார்வாள், எனக்கு வண்டி வேண்டாம், அது நிற்கிற இடம்தான் வேண்டும்" என்றேன். இரண்டு பேரும் கிளம்பினோம். பேட்டை, சுத்தமல்லி, சேரன்மகாதேவி. ஏசி போட்டு ஓட்டச் சொன்னேன். வீரவநல்லூருக்குக் கொஞ்சம் முன்னால் பட்டென்று நின்றது. "தம்பி, இந்தா நின்னுட்டுல்லா" என்றார். அவருக்கு வருத்தம், எனக்கோ அந்த நேரத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தது.

இதைக் கவனியுங்கள். திக்கித் திணறி, இழுத்து இழுத்து நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் போகவில்லை. சுவிட்சை அணைத்தது போலப் பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் கோளாறு. இது பட்டென்று நின்ற வண்டி. ஒரு ஸ்பேர் பிளக்கை மாட்டி, அதன் உடம்பை இன்ஜின் இரும்பில் தொடவைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னேன். (வீட்டில் நீங்கள் செய்ய வேண்டாம், அடித்துவிடும்.) பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி வரவில்லை. இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளும் அசையவில்லை. சரி, சந்தேகம் கிராங்க் சென்சார் மேல் விழுந்தது. பெருவிரல் அளவுதான் இருக்கும். இன்ஜின் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அது வாய் மூடினால் பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை.

கன்னடியன் கால்வாயில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு வந்து, அந்தச் சென்சார் மேல் மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டேன். இரண்டு நிமிடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அதோடு நான் விடவில்லை. தானாக ஆறியதாலும் கிளம்பியிருக்கலாம் அல்லவா? பட்டறைக்கு வந்து சென்சாரைக் கழற்றி, மீட்டரை மாட்டி, ஒரு டம்ளர் வெந்நீரில் அதன் நுனியை வைத்தேன். முதலில் ஒழுங்காகக் காட்டிய மீட்டர், கொஞ்ச நேரத்தில் இணைப்பே இல்லை என்று காட்டியது. வெளியே எடுத்து ஆறவிட்டேன், பழையபடி காட்டியது. உள்ளே தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் எங்கோ ஒரு கீறல். சூட்டில் விரிந்து விலகுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒரு சாமானை மாற்றினேன். வாத்தியார் அமாவாசைக்குக் காரையாறு போய் வந்து, விபூதி கொண்டுவந்து கொடுத்தார்.

ஓடும்போது ஒன்றும் இல்லை, வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில் மெதுவாக்கினால் நின்றுவிடுகிறது என்பீர்கள். அது வேறு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கம்ப்யூட்டரே பெட்ரோலைக் கூட்டி, சுற்றையும் கூட்டி வைத்திருக்கும். சூடானதும் இரண்டையும் குறைக்கும். இன்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டிலில் கரி படிந்திருந்தால் அப்போதுதான் காற்று போதாமல் மூச்சு முட்டும். சுத்தம் செய்தாலே பல வண்டிகள் சரியாகும். இதையும் சூட்டிலேயே பார்க்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

பழைய கார்பரேட்டர் வண்டிகளில் இன்ஜினோடு ஒட்டியிருக்கும் பம்பில் பெட்ரோல் ஆவியாகி, வண்டி நின்றுவிடும். மலை ஏறும் டிரைவர்கள் ஈரத்துணி சுற்றுவார்கள். அந்தக் கதையை விரிவாகச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று. வண்டி நின்றதும் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்து, உடனே வண்டியும் கிளம்பினால், டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கலாம். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் தொடவே தொடாதீர்கள். டீசல் வண்டிக்கு இன்னொரு நாள் வருகிறேன். வணக்கம்.