இடித்துச் சொல்ல ஒருவர்

(ரங்கூனில் தமிழ்ச் சபை வாலிபர் கூடுகை ஒன்றில் பேசியது)

தம்பிமாரே, தங்கைமாரே,

சாலொமோனுக்குப் பிறகு ராஜாவான அவர் மகன் ரெகொபெயாம் யாரிடமும் ஆலோசனை கேட்காமல் கெட்டான் என்றுதான் நாம் வழக்கமாகச் சொல்கிறோம். அது சரியில்லை. 1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சாலொமோன் சுமத்திய பாரமான நுகத்தை லேசாக்கும்படி ஜனங்கள் வந்து நின்றபோது அவன் மூன்று நாள் தவணை கேட்டான். தகப்பன் சாலொமோனுக்கு முன்பாக நின்ற முதியோரிடம் யோசனை கேட்டான். இன்று நீர் இவர்களுக்குச் சேவகனானால் இவர்கள் என்றைக்கும் உமக்குச் சேவகர் என்று அவர்கள் சொன்னார்கள். அது அவனுக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் தன்னோடே வளர்ந்த வாலிபரிடம் போனான். என் சுண்டுவிரல் என் தகப்பனாருடைய இடுப்பைவிடப் பருமன் என்று சொல்லும்படி அவர்கள் ஏற்றிவிட்டார்கள். பத்துக் கோத்திரம் கையை விட்டுப் போனது.

அவன் கேட்டான், இரண்டு தரம் கேட்டான். ஆனால் அவன் தேடியது தலையாட்டுகிறவர்களை.

நானும் அதைத்தான் செய்தேன். அப்போது எனக்கு 22 வயது. மலேசியாவில் வேலை என்று ஓர் ஏஜென்ட் சொன்னார். என்னோடு புறப்பட இருந்த இரண்டு கூட்டாளிகளிடம் மட்டும் கேட்டேன். அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? அம்மாவின் வளையலை விற்றுப் பணம் கட்டினேன். ஏஜென்ட் தந்த பர்மிட் தாளை ராத்திரி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். என் பெயருக்கு அடியில் வெள்ளை மை பூசியிருந்தது. அந்த மைக்குக் கீழே இன்னொருவர் பெயர் நிழலாகத் தெரிந்தது. பார்த்தும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு தெரு தள்ளி, பினாங்கில் வேலை பார்த்துத் திரும்பிய அக்கா ஒருவர் இருந்தார். நம் சபைதான். அவரிடம் நான் போகவில்லை. என்ன சொல்வார் என்று தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரியும். அதனால்தான் போகவில்லை. ஏஜென்ட் மறைந்தார், வளையலும் போனது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

என் தாத்தா வேறு மாதிரி. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் மதராஸ் கப்பல் ஏறினார்கள். தாத்தா போதகரிடம் கேட்டார், அண்ணனிடம் கேட்டார். கடைசியாகப் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெரியவரிடமும் கேட்டார். நாங்கள் போயிருந்தால் எங்கள் வீடு அந்தப் பெரியவர் கைக்குத்தான் போயிருக்கும். அவரே, "போகாதே, பிள்ளைகளுக்கு இந்த ஊர்தான் தெரியும்" என்றார். தாத்தா இருந்துவிட்டார். கஷ்டப்பட்டார், ஆனால் முடிவை நொந்து அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ஜெபித்துவிட்டேன் அண்ணா, கர்த்தர் பேசிவிட்டார், இனி மனுஷரிடம் எதற்குக் கேட்க வேண்டும்?" என்று சிலர் சொல்கிறீர்கள். ஜெபியுங்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். ஆனால் மோசேயைப் பாருங்கள். கர்த்தரோடு முகமுகமாய்ப் பேசியவர். அவரிடம் மாமனார் எத்திரோ வந்து, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார். மீதியானில் ஆடு வைத்திருந்த மனுஷன். மோசே கோபப்படவில்லை, மாமனார் சொன்னபடியெல்லாம் செய்தார்.

2024 பிப்ரவரியில் இங்கே ராணுவ அரசு கட்டாயப் படைச் சேவைச் சட்டத்தை அமலாக்கப்போவதாக அறிவித்த பிறகு, வெளிநாடு போய்விட வேண்டும் என்ற உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. பயம் நியாயமானது. ஆனால் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி தாய்லாந்து எல்லையிலுள்ள மியாவாடிப் பக்கம் போய், இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்ட பிள்ளைகளைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். பயத்தில் இருக்கிறவனுக்கு எந்தத் தாளும் நல்ல தாளாகத்தான் தெரியும்.

அந்தப் பினாங்கு அக்கா இன்றைக்கு வந்திருக்கிறார், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஜெபம் முடிந்ததும் யாரும் ஓடிவிடாதீர்கள். ஏஜென்ட் கொடுத்த தாள் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு அவரிடம் வாருங்கள். நானும் கூட உட்காருகிறேன். ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது.